தேரிக்காட்டில் ஒரு நேர்கோடு

“வெள்ளிக்கிழமை நாலு மணி! அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பியூலா!”

தொல்லியல் அலுவலர் ஞானசுந்தரி மேசைமேல் பரப்பியிருந்த படங்களை அடுக்கி அவளிடம் நீட்டினார். எல்லாம் செயற்கைக்கோள் எடுத்த படங்கள். பியூலா இரண்டு வருஷமாக அவற்றோடுதான் குடித்தனம் நடத்தினாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து, மண்ணுக்குள் மறைந்துபோன பழைய ஊர்களைத் தேடுவது அவளுடைய வேலை.

“மேடம், ரேடார் படத்தைப் பாருங்க. தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அடியில ஒரு பழைய ஆறு ஓடின தடம் கறுப்பா தெரியுது. அதுக்குப் பக்கத்துல ஒரு சதுரம்! 1879-ல வெள்ளைக்காரங்க போட்ட சர்வே வரைபடத்துலயும், கிட்டத்தட்ட அதே இடத்துல ‘பழைய செங்கல் சுவர்கள்’னு எழுதியிருக்கு. அது ஊருதான் மேடம்!”

“நான் நம்புறேன். ஆனா சனிக்கிழமை காலையில முந்திரித் தோட்டம் போடறதுக்கு அந்தக் காட்டையே மட்டம் தட்டப் போறாங்க. நாலு புல்டோசர் வருது. வானத்துப் படத்தைக் காட்டி அதை நிறுத்த முடியாது. தரையில ஒரு சுவரைக் காட்டு. எந்த இடம்னு அட்சரேகை தீர்க்கரேகையோட போட்டோ அனுப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கலெக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிடறேன். அதுக்கப்புறம் அவர் சென்னைக்குக் கிளம்பிடுவார்.”

அலுவலர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு விரலை உயர்த்தினார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. தோண்டக் கூடாது! மேல தெரியறதை மட்டும்தான் பார்க்கணும்.”

அன்று புதன்கிழமை. கையில் இரண்டே நாள்!

வெளியே மீரான் பைக்கில் காத்துக்கொண்டிருந்தான். பியூலாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், காயல்பட்டினத்துக்காரன். கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பவன். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பிளந்தான்.

“ஆடி மாசத்துல தேரிக்குள்ளயா? காத்து ஆளையே தூக்கிட்டுப் போயிருமே! என் ட்ரோன் என்னத்துக்கு ஆகும்?”

“வருவியா, மாட்டியா?”

“வராம எங்க போறது? காலையில ஆறு மணிக்கு வாரேன்!”

மறுநாள் காலை சுனைவிளை கிராமத்தின் கடைசி வீட்டு வாசலில் மூன்றாவது ஆள் சேர்ந்துகொண்டாள். சந்தனமாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்பது ஆடுகளைத் தேரிக்காட்டில் மேய்க்கிறவள். காட்டுக்குள் வழி காட்டப் பியூலாதான் அவளைக் கேட்டிருந்தாள். சந்தனமாரி ஆடுகளைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு, தோளில் ஒரு கயிற்றுச் சுருளும் இடுப்பில் ஓலைப்பெட்டியுமாகக் கிளம்பினாள்.

“கயிறு எதுக்குக்கா?” என்றான் மீரான்.

“தேரிக்குள்ள கயிறு இல்லாம நான் போனதில்ல, தம்பி. இது நேத்து இருந்த எடத்துல இன்னைக்கு இருக்காது. அங்கன பாரு!”

பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு! ரத்தச் சிவப்பில் மணல் குன்றுகள். நடுநடுவே பனைகள். சில பனைகள் கழுத்தளவு மணலில் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. பாதை என்று ஒன்று இல்லவே இல்லை.

பியூலா கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைக் குறித்தாள். “வடக்கே நாலு கிலோமீட்டர். நடப்போம்!”

நடந்தார்கள். ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்கியது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. பத்து மணிக்குக் காற்று கிளம்பியது. மணல் ஊசி ஊசியாக முகத்தில் குத்த, மூவரும் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டார்கள். பதினொன்றுக்குக் கருவி ‘பீப்’ என்றது.

“இதுதான்! இதேதான் அந்தச் சதுரம்!” பியூலா ஓடினாள்.

மணலுக்கு மேல் ஒரு சுவரின் விளிம்பு தெரிந்தது! உண்மையிலேயே ஒரு நேரான விளிம்பு! பியூலா மண்டியிட்டு உள்ளங்கையால் மணலைத் துடைத்தாள். அவள் கை அப்படியே நின்றது.

சிமெண்ட்.

சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். “இதையா தேடி வந்தீய? இது மரக்கன்னுக்குத் தண்ணி ஊத்தறதுக்குக் கட்டின தொட்டில்லா? நான் சின்னப்பிள்ளையா இருக்கையில கட்டுனாவ. ரெண்டு வருசத்துல மணலு மூடிட்டு. நேத்தே எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

பியூலா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டு வருஷம்! இரவும் பகலும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன சதுரம் ஒரு தண்ணீர்த் தொட்டி!

“வா, போலாம்,” என்றான் மீரான் மெதுவாக. “காத்து கூடுது.”

திரும்பினார்கள். கிராமத்தின் ஓரத்திலிருந்த பேச்சியம்மன் கோயிலில் நிழலுக்கு ஒதுங்கினார்கள். பியூலா பழைய சர்வே வரைபடத்தை மடியில் விரித்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் சரியாகப் பொருத்த வேண்டுமானால், அன்றைக்கும் இன்றைக்கும் மாறாத இடங்கள் வேண்டும். அவள் மூன்று இடங்களை எடுத்திருந்தாள். ஒரு கற்பாறை, ஒரு சாலைச் சந்திப்பு, இந்தப் பேச்சியம்மன் கோயில். மூன்றையும் பொருத்தும்போது வரைபடம் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் நின்றது. பழைய சர்வேயர் அளவுச் சங்கிலியைத் தப்பாகப் பிடித்திருப்பார் என்று அவள் அன்றைக்கு அலட்சியமாக விட்டுவிட்டாள்.

“தண்ணி குடி பிள்ள,” என்று சந்தனமாரி சொம்பை நீட்டினாள். “கோயில் வாசல்ல ஒக்காந்து அழக் கூடாது. இந்த அம்மையே மணலுக்குத் தப்பிச்சு இங்கன வந்து குடியிருக்கா.”

பியூலா சட்டென்று நிமிர்ந்தாள். “என்ன சொன்னீங்க?”

“அட, இவ முன்னால தேரிக்குள்ள இருந்தவ. எங்க அம்மைக்குக் கல்யாணம் ஆன வருசம் தேரி நகந்து கோயிலை முழுங்கிட்டு. சாமியை மட்டும் எடுத்துட்டு வந்து இங்கன வச்சாவ.”

“அக்கா! பழைய கோயில் எங்க இருந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? மேற்க எங்கனயோன்னு சொல்லுவாவ.”

பியூலா பையைக் கவிழ்த்தாள். படங்கள் சிதறின. “மீரான், மடிக்கணினியை எடு! சீக்கிரம்!”

திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் விரிந்தது. 1967-ல் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று வேவு பார்க்க எடுத்தது. பல வருஷம் கழித்து எல்லாரும் பார்க்கலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். அதில் இந்தக் கோயில் நிற்கும் இடம் வெறும் பொட்டல்!

“இங்க கோயிலே இல்லையே!” என்றான் மீரான்.

“ஆமா. அப்ப எங்க இருந்துச்சு? தேடு!”

மூன்று தலைகளும் திரையை முட்டிக்கொண்டன. மணல், மணல், பனை, மறுபடி மணல். அப்போது சந்தனமாரி திரையில் விரலை வைத்தாள்.

“இது என்ன, வெள்ளை வெள்ளையா இழை மாதிரி?”

“ஒத்தையடிப் பாதைங்கக்கா. ஜனங்க நடந்து நடந்து...” பியூலாவின் குரல் உயர்ந்தது. “எல்லாப் பாதையும் ஒரே இடத்துல போய்ச் சேருது பாருங்க! நடுக்காட்டுல! அங்க கடை இல்லை, கிணறு இல்லை. எதுக்கு நாலு ஊர்க்காரங்களும் அங்க நடந்து போகணும்?”

“அம்மையைக் கும்பிடத்தான்!” என்று கத்தினாள் சந்தனமாரி.

பாதைகள் கூடும் இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது. இப்போதிருக்கும் கோயிலுக்கு மேற்கே தொள்ளாயிரம் மீட்டர். பியூலா அந்தப் புள்ளியை வைத்துப் பழைய வரைபடத்தை மறுபடி பொருத்தினாள். இந்த முறை அது இழுக்கவில்லை, கோணவில்லை. உறைக்குள் கத்திபோலப் பொருந்தி உட்கார்ந்தது. ‘பழைய செங்கல் சுவர்கள்’ என்ற எழுத்து, சிமெண்டுத் தொட்டியை விட்டு அறுநூறு மீட்டர் வடமேற்கே நகர்ந்து, பழைய ஆற்றுத் தடத்தின் கரையிலேயே போய் நின்றது!

“அந்த சர்வேயர் சரியாத்தான் அளந்திருக்காரு,” என்றாள் பியூலா. “நான்தான் தப்பு பண்ணினேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் மூவரும் தேரிக்குள் இருந்தார்கள். காற்று எழுமுன் ட்ரோன் ஏற வேண்டும்! புதிய இடத்தை நெருங்கியதும் மீரான் அதை மேலே அனுப்பினான். ‘விர்ர்ர்’ என்று அது செக்கர் மணல்மேல் நிழல் ஓட்டியபடி வரிசை வரிசையாகப் படம் எடுத்தது. பியூலா படங்களைக் கோத்து மேடுபள்ளப் படமாக மாற்றினாள். பனை நிழல்கள், ஓடைகள், வளைவுகள்...

“நிறுத்து! இங்க பெரிசாக்கு!”

உயர்ந்த மணல்மேடு ஒன்றின் அடிவாரத்தில், மயிரிழை போல ஒரு கோடு. நாற்பது அடி நீளம். துளிகூட வளையாத நேர்கோடு! அதன் முனையில் இன்னொரு கோடு, சரியாகச் செங்குத்தாகத் திரும்பியது.

“காத்து நேர்கோடு போடாது,” என்றாள் பியூலா மூச்சு வாங்க. “மனுஷன்தான் போடுவான்!”

ஆனால் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரவே பத்தரை ஆகிவிட்டது. காற்று எழுந்துவிட்டது. அடிவாரத்தில் மணல் பாம்பு பாம்பாக நெளிந்து ஓடியது. கோடு இருந்த இடத்தில் தரையில் ஒன்றுமே தெரியவில்லை. அதை மறைக்க ஒரு விரற்கடை மணலே போதுமே!

“தோண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே,” என்று பியூலா கையைப் பிசைந்தாள்.

“இன்னொரு தடவை மேல இருந்து பார்க்கேன். தாழப் பறக்கவிடுதேன்.”

“வேண்டாம் தம்பி! காத்து சரியில்ல!” என்று சந்தனமாரி எச்சரித்தாள்.

ட்ரோன் ஏறியது. ஒரே வீச்சு! காற்று அதைக் காகிதம்போல வாரி, மேட்டின் உச்சியில் அடித்தது. மீரான் “உம்மா!” என்று அலறிக்கொண்டு செங்குத்துச் சரிவில் ஏறி ஓடினான்.

“ஏல மீரான்! ஏறாத! சரியும்!”

அவன் பாதி ஏறியிருப்பான். தலைக்கு மேல் ஒரு விரிசல் விழுந்தது. சத்தமே இல்லாமல் மேட்டின் முகம் முழுவதும் கழன்று இறங்கியது. சிவப்பு மணல் அவனைச் சுருட்டிக்கொண்டு வந்து அடிவாரத்தில் கொட்டியது. தூசி அடங்கியபோது மீரானின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

“மூச்சு... மூச்சு விட முடியல...”

பியூலா பாய்ந்தாள். “நில்லு பிள்ள!” என்று சந்தனமாரி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “மேல்பக்கம் மிதிச்சா மறுபடி சரியும். கீழ்ப்பக்கமா வா. ஏல, அசையாத! அசைஞ்சா இன்னும் இறுக்கும். என் மூஞ்சியப் பாரு!”

கயிற்றை அவன் நீட்டிய கைக்கு அடியில் கொடுத்து அக்குளில் சுற்றினாள். மறுமுனையைப் பக்கத்துப் பனையில் இறுக்கினாள். பிறகு இருவரும் வாரினார்கள். சந்தனமாரி ஓலைப்பெட்டியால், பியூலா வெறுங்கையால். வார வார மணல் இறங்கியது. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. தோண்டக் கூடாது என்ற பேச்சு யாருக்கும் ஞாபகமில்லை! நெஞ்சு வெளியே வந்தது. மீரான் நீளமாக ஒரு மூச்சு இழுத்தான். வயிறு வந்தது. இடுப்பு வந்தது.

“காலு எதுலயோ நிக்குது,” என்று முனகினான் அவன். “கெட்டியா இருக்கு. படிக்கட்டு மாதிரி.”

“பேசாத! இழு பிள்ள, இழு!”

மூன்று மணி நேரப் போராட்டம். கடைசி இழுப்பில் மீரான் மீன்போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். மூவரும் மல்லாந்து கிடந்து இரைத்தார்கள். பியூலா அழுதாள், சிரித்தாள், அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

பிறகு திரும்பிப் பார்த்தாள்.

சரிந்த மேட்டின் அடியில், இடுப்புயரத்துக்குச் செங்கல் சுவர்! ஒவ்வொரு கல்லும் இன்றைய செங்கலைப்போல இரண்டு மடங்கு நீளம், ஒரு சாண் அகலம். நேராக ஓடிய சுவர் சரியாகச் செங்குத்தாக மடங்கியது. மூலையை ஒட்டிச் சுட்டமண் உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கிய ஒரு உறைகிணற்றின் வாய்! மீரானின் கால் நின்றது, மணலுக்கடியில் இடிந்து தாழ்ந்து தொடரும் அதே சுவரின் மேல்தான். மேட்டைத் தோண்டியது அவர்கள் அல்ல; சரிவே தோண்டிவிட்டிருந்தது!

“கிடைச்சிருச்சு!” பியூலாவின் கூச்சல் பனைகளில் மோதித் திரும்பியது. “கிடைச்சிருச்சுக்கா!”

மூவரும் கைகோத்துக் குதித்தார்கள். பிறகு பரபரவென்று வேலை! சுவருக்குப் பக்கத்தில் பியூலா அளவுகோலை வைத்தாள். நாலு பக்கமும் படம் எடுத்தாள். ஜி.பி.எஸ். எண்களை இரண்டு தடவை சரிபார்த்தாள். கிணற்று வாயருகே ஒரு பானை ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதன் தோளில் யாரோ ஆணியால் கீறியது போலச் சில எழுத்துகள்!

மீரான் கையை நீட்டினான். “இதைக் கொண்டுபோய்க் காட்டினாலே போதுமே!”

“தொடாத!” பியூலா அவன் கையைத் தட்டிவிட்டாள். “கையில எடுத்துட்டா அது வெறும் ஓடு. கிடந்த இடத்துல கிடந்தாத்தான் சாட்சி. போட்டோ மட்டும்.”

எடுத்தாள். மணி பார்த்தாள். இரண்டு ஐம்பது! கைப்பேசியில் சிக்னல் பூஜ்யம். ஊருக்கு நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். பேட்டரியோ ஒன்பது சதவீதம்.

“மேட்டு மேல ஏறினா சிக்னல் கிடைக்கும்,” என்றான் மீரான்.

“மறுபடி சரியணுமா உனக்கு?” சந்தனமாரி பனையை அண்ணாந்து பார்த்தாள். “இங்கன குடு போனை.”

“அக்கா, காத்து!”

“எங்க வீட்டுக்காரரு வருசம் பூரா ஏறுதாரு. அவரு ஊருல இல்லாத நாள்ல வெறகுக்கு ஓலை வெட்டுனது யாருன்னு நெனைக்கிய?”

சேலையை வரிந்து கட்டினாள். கயிற்றைத் தளையாக்கிக் காலில் மாட்டினாள். கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏறத் தொடங்கினாள்! பத்தடி, இருபதடி, முப்பதடி. காற்று மரத்தை வளைத்தது. அவளும் மரத்தோடு வளைந்தாள், மரத்தோடு நிமிர்ந்தாள். மட்டைகளுக்கு நடுவே அவள் காலை ஊன்றி, ஒரு கையால் கைப்பேசியை வானத்துக்கு நீட்டினாள்.

“ரெண்டு கோடு தெரியுது!”

“அம்புக்குறியை அமுத்துங்கக்கா!”

“அமுத்திட்டேன்! சுத்துது! சுத்திக்கிட்டே கிடக்கு!”

மூன்று பத்து. மூன்று பதினைந்து. கை மரத்துப்போய் அவள் கையை மாற்றிக்கொண்டாள். மூன்று இருபத்திரண்டு.

“டிக்கு விழுந்துட்டு!” மேலிருந்து கூவல் வந்தது. “ரெண்டு டிக்கு! ஏ பிள்ள, ஏதோ திருப்பி எழுதியிருக்காவ!”

“படிங்கக்கா!”

சந்தனமாரி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். “‘பார்த்தேன். யாரும் எதையும் தொட வேண்டாம். கலெக்டர் அறைக்குப் போகிறேன்.’”

அத்தோடு கைப்பேசி அணைந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புல்டோசர்கள் உறுமிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. ஞானசுந்தரி இறங்கி, கலெக்டர் கையெழுத்திட்ட ஆணையை மேற்பார்வையாளரிடம் நீட்டினார். அவர் படித்தார், தலையைச் சொறிந்தார், வண்டிகளைத் திருப்பச் சொன்னார். சுனைவிளைக்காரர்கள் கைதட்டிய சத்தத்தில் இயந்திரச் சத்தம் அமுங்கிப்போனது!

அலுவலர் சுவரருகே வெகுநேரம் நின்றார். மணல் வாரியது எப்படி என்று கேட்டார். பியூலா மறைக்காமல் சொன்னாள். “ஆளைக் காப்பாத்த வாரினது கணக்கில வராது,” என்றார் அவர். பிறகு பானை ஓட்டின்முன் மண்டியிட்டு, தொடாமல் குனிந்து எழுத்துகளைப் பார்த்தார்.

“தமிழி எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது.”

“ராசா பேரா மேடம்?” என்றான் மீரான்.

“இல்லை. ‘கொற்றி’னு இருக்கு. ஒரு பெண்ணோட பேர். தன் பானைனு அடையாளத்துக்குத் தன் பேரைக் கீறி வச்சிருக்கா.”

சந்தனமாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நாங்களும் எவர்சில்வர் குடத்துல பேரு வெட்டித்தானே வச்சிருக்கோம்! கொழாயடியில மாறிடக் கூடாதுன்னு!”

அங்கேயே பியூலா அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, முதல் பக்கத்திலேயே தன் தவற்றை எழுதினாள். பழைய வரைபடம் சரிதான். ஒரு கோயில் இடம் மாறியது எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னவர் சுனைவிளை சந்தனமாரி. அந்த வரியை அலுவலர் படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அன்று மத்தியானம் மூவரும் ஊருக்குள் நுழைந்தபோது, பெண்கள் குழாயடியிலிருந்து ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். “ஏ சந்தனமாரி! புதையலாமே! தங்கம் எவ்வளவு கெடச்சுது?”

சந்தனமாரி முக்காட்டை உதறினாள். சிவப்பு மணல் கொட்டியது.

“தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நமக்கு முன்னால இங்கன தண்ணி எடுத்தவ ஒருத்தி இருந்திருக்கா. கொற்றின்னு பேரு. அவ வீட்டைத்தான் கண்டுபிடிச்சுட்டு வாரோம்!”